பிரகதி உதவித்தொகை: பொறியியல் முதலாண்டு மாணவிகள் விண்ணப்பிப்பது எப்படி?

பொறியியல், பாலிடெக்னிக் படிப்புகளில் சேரும் பெண்களுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏ.ஐ.சி.டி.இ.) தரும் உதவித்தொகை இது. ஆண்டுக்கு ரூ.50,000. பி.இ. முதலாண்டில் வாங்கத் தொடங்கினால் நான்கு ஆண்டுகள் வரை கிடைக்கும். லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இருக்க வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு, ஆண்களுக்கும் சேர்த்து, சாக்‌ஷம் என்ற தனித் திட்டம் உண்டு.

1. வருமானச் சான்றிதழ். கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் என மூவரைத் தாண்டி வர நாளாகும். அப்பாவின் சம்பளச் சீட்டை வைத்துச் சமாளிக்க முடியாது.

2. வங்கிக் கணக்கு. தேர்வான பிறகும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. அது வெறும் அடையாளச் சரிபார்ப்பு (கே.ஒய்.சி.). உதவித்தொகை ஆதார் எண்ணைப் பிடித்து வருவதால், வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்புவதைக் கவனிக்கும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பதிவில் உங்கள் ஆதாரோடு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். இந்த இணைப்புக்குப் பெயர்தான் 'சீடிங்'. மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். உங்கள் வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்பதும் தெரிய வேண்டும். இல்லையென்றால் கிளைக்குப் போய், ஆதார் சீடிங் படிவம் என்றே கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள்.

3. ஓ.டி.ஆர். (ஒருமுறைப் பதிவு). தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். செல்போன் செயலியில் முகத்தைக் காட்டி உறுதி செய்ததும் 14 இலக்க எண் வரும். பத்திரமாக எழுதி வையுங்கள். பெயர் ஆதாரிலிருந்து தானாக வந்துவிடும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் பின்னால், அல்லது அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் சரிபார்ப்பில் இடிக்கும். ஆதாரை முதலில் திருத்திவிட்டுப் பதிவு செய்வதே நல்லது.

4. விண்ணப்பம். அதே தளத்தில் விண்ணப்பியுங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்பு. 'ஃபைனல் சப்மிட்' கொடுத்த பிறகு நீங்களாகத் திருத்த முடியாது. அதனால் மதிப்பெண்ணையும் சேர்க்கை தேதியையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

5. கல்லூரிச் சரிபார்ப்பு. விண்ணப்பத்தை அச்செடுத்து, சான்றிதழ் நகல்களோடு உங்கள் கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நோடல் அதிகாரியிடம் கொடுங்கள். அவர் சரிபார்க்காத விண்ணப்பம், எவ்வளவு மதிப்பெண் இருந்தாலும், அப்படியே கிடந்து காலாவதியாகிவிடும். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' (குறை இருக்கிறது) என்று வந்தால் பயப்பட வேண்டாம். கெடு முடிவதற்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம்.

6. புதுப்பித்தல். அடுத்த ஆண்டுக்குத் தானாக வராது. அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றதைக் காட்டி, அதே தளத்தில் 'ரினிவல்' பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.