பூர்வகுடிகளோடு பேசப் போகும் அரசு ஊழியர்கள் செய்யும் தவறுகள்

கனடாவில் பூர்வகுடிச் சமூகங்களோடு கலந்தாலோசனை நடத்தும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை செய்த தப்பையே திரும்பச் செய்கிறார்கள். பெயரைத் தவறாக உச்சரிப்பது, தாமதமாகப் போவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்கப் போவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். வரைபடம் பளபளவென்று அச்சாகியிருக்கும். சாலை எது, பாலம் எங்கே எல்லாம் முடிவாகியிருக்கும். ஒரு கூட்டத்தில் அந்தச் சமூகத்தின் மூத்தவர் ஒருவர் வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தக் கோட்டை நகர்த்த உங்களால் முடியுமா?" என்று கேட்டார். அரசுத் தரப்பில் போயிருந்த இளைஞர், "மேலிடத்தில் சொல்கிறேன்" என்று குறித்துக்கொண்டார். "அப்படியானால் நகர்த்தக்கூடியவரை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, மூத்தவர் காபி எடுக்கப் போய்விட்டார்.

இது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, கோர்ட்டிலும் நிற்காது. 1982 அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு பூர்வகுடி உரிமைகளை அங்கீகரிக்கிறது. அந்த உரிமை நிரூபணமாகும் முன்பே அரசு கலந்து பேசியாக வேண்டும் என்று ஹைடா பூர்வகுடியினர் தொடுத்த வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018இல் டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய் விரிவாக்க அனுமதி ரத்தானதற்கு ஒரு முக்கியக் காரணம், அரசுக் குழு குறைகளை எழுதி மேலே அனுப்பியதோடு நின்றதுதான். கூட்டங்கள் நடக்காமல் இல்லை, மாதக்கணக்கில் நடந்தன.

ஆகவே கிளம்பும் முன் மேலதிகாரியிடம் கேளுங்கள்: எதை மாற்றலாம், எவ்வளவு தூரம்? 'எதையும் மாற்ற முடியாது' என்று பதில் வந்தால் டிக்கெட் போடாதீர்கள். அப்புறம் சண்டை போட வேண்டிய இடம் உங்கள் அலுவலகம்தான்.

பொதுக்கூட்டத்திலேயே சேர்த்து முடிப்பது

செல்லாது. உட் பஃபலோ தேசியப் பூங்காவில் குளிர்காலச் சாலை போட நினைத்தவர்கள், ஊராரோடு சேர்த்தே மிகிசியூ கிரீ பூர்வகுடி மக்களையும் பொதுக்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

கட்டுக்கட்டாகக் காகிதம்

எண்ணெய் தேடிக் கடலில் நில அதிர்வுச் சோதனை செய்தால் எந்தெந்த விலங்குகளுக்குப் பாதிப்பு என்று வடகோடியிலுள்ள க்ளைட் ரிவர் ஊரின் இனுவிட் மக்கள் கேட்டார்கள். பதிலாக வந்தது 3,926 பக்க ஆவணம். அதில் பெரும்பகுதி அவர்கள் மொழியில் இல்லை. இணையமோ அங்கே ஆமை வேகம். 2017இல் அனுமதி ரத்தானது.

பேண்ட் கவுன்சில் கையெழுத்து போதும் என்பது

பேண்ட் கவுன்சில் என்பது பூர்வகுடிச் சமூகத்தின், பெரும்பாலும் தேர்தலில் வரும் நிர்வாகக் குழு. சில இடங்களில் அதோடு பரம்பரைத் தலைவர்களும் உண்டு. யாரோடு பேச வேண்டும் என்று அந்தச் சமூகத்தாரையே கேளுங்கள்.

மூத்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது

உங்கள் ஆலோசகர் மணிக்கணக்கில் பில் போடுகிறார். வந்து பேசும் மூத்தவர்களுக்கும் மதிப்பூதியம் ஒதுக்குங்கள்; பயணச் செலவு தனி.