கம்பெனி ராக் ரெயில் போதுமா? ஜாக்கி சொல்லிவிடும்

வண்டியோடு வந்த ராக் ரெயிலை, அதாவது பாறையில் அடிபடாமல் காக்கக் கதவுகளுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் உலோகக் கம்பியை, நம்பி வாய்க்கால் கரையில் இறக்குவதற்கு முன், சமதளத்தில் கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ரெயிலின் நடுவில் ஜாக்கியை வைத்துச் சற்றே தூக்கிப் பாருங்கள். வண்டி எழும்பாமல் ரெயில் வளையத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஏறி இறங்கும் படிதான், காப்பு அல்ல.

ஆள் மிதிக்கச் செய்த படி ஒரு மனிதரின் எடையைத்தான் தாங்கும். கரை விளிம்பில் வண்டி உட்காரும்போது பாதி வண்டியின் பாரம் அதன்மேல் இறங்குகிறது. தார், ஜிம்னி போலத் தனிச் சேஸ் (உடலுக்கு அடியில் தனியாக உள்ள இரும்புச் சட்டம்) உள்ள வண்டிகளில் ரெயிலின் பிராக்கெட் சேஸிலேயே பிடித்திருந்தால் நல்லது. மெல்லிய தகட்டில் மட்டும் பிடித்திருந்தால் ரெயில் மேலே மடங்கி, கதவின் கீழ்ப்பகுதியையும் நசுக்கிவிடும். டெல்டாவில் பாறை ஏது என்று விட்டுவிடாதீர்கள். மதகின் கான்கிரீட் விளிம்பும் பாலத்தின் உடைந்த கைப்பிடிச் சுவரும் பாறை செய்வதையே செய்யும்.

தனிச் சேஸ் இல்லாத கார்களில் இந்தச் சோதனை வேண்டாம். கம்பெனி காட்டிய ஜாக்கி இடத்தை மட்டும் பயன்படுத்துங்கள். நடவு வயல் சேற்றில் வயிறு பதிந்து நின்றாலும் எந்த ரெயிலும் உதவாது, அப்போது தேவை இழுக்க ஒரு டிராக்டர்.