கத்திரி வெயிலில் சைக்கிள்: வியர்வையைக் காயவிடுங்கள்

நிறையத் தண்ணீர் குடித்தால் உடம்பு சூடாகாது என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் வியர்வைக்கான சரக்கு, அவ்வளவுதான். வியர்வை தோலிலேயே காய்ந்தால்தான் சூடு இறங்கும். ஒரு லிட்டர் முழுசாகக் காய்ந்தால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் போகும். மூக்கு நுனியிலிருந்து ரோட்டில் சொட்டிய வியர்வை வீண். வேலூர், மதுரை வெயிலில் அது தானாகக் காயும். சென்னை, கடலூர், நாகையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் காயாமல் வழியும். அங்கே காற்றைத் தேடித்தான் ஓட்ட வேண்டும்.

சைக்கிள் ஓடும்போது எதிர்க்காற்று தானாகக் கிடைக்கிறது. சிக்னலில் நின்றதும் சட்டை நனைவது அது நின்றுபோவதால்தான். பின்காற்றிலும் இதே கதை. மே மாத ஈசிஆரில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை) காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும். மாமல்லபுரம் போகும்போது முகத்தில் அடிக்கும், கால் வலிக்கும், ஆனால் உடம்பு குளிர்ந்தே இருக்கும். திரும்பும்போது 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முதுகைத் தள்ள, நீங்கள் 20-ல் ஓட்டினால் உடம்பில் படுவது 5 கிலோமீட்டர் காற்றுதான். வேகம் சுலபமாக வருகிறதே என்று அழுத்தி மிதிப்பவர்கள் இங்கேதான் சுருண்டு விழுகிறார்கள். செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் உடம்புக்குள் சூடு. பின்காற்றில் ஒரு கியர் இறக்கி, பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவுக்கு மிதியுங்கள்.

கத்திரி என்பது சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடியும். சென்னையில் விடியல் 5:45 சுமாருக்கு. 5 மணிக்குக் கிளம்பி 7:30-க்குள் வீடு சேருங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். மாலைதான் வசதி என்றால் 5 மணிக்கு அவசரப்படாதீர்கள். கடல் காற்று வந்தாலும் தார் ரோடு வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரம் ஓட்டும் முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டு, வியர்வையில் நனைந்த துணி இல்லாமல் எடை பாருங்கள். 900 கிராம் குறைந்து, வழியில் 300 மில்லி குடித்திருந்தால் வியர்த்தது சுமார் 1.2 லிட்டர். அதில் முக்கால் பங்கை மணிக்கு மணி குடித்தால் போதும், 10 நிமிடத்துக்கு இரண்டு மூன்று மடக்காக. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, வாந்தி வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பது ஆபத்து. 750 மில்லி பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். நீராகாரமும் நீர்மோரும் அருமைதான், உப்புப் போட்டிருந்தால். மோரை மூடிய பாட்டிலில் வெயிலில் வைத்தால் புளித்துப் பொங்கும் என்பதால் கிளம்பும் முன்பே குடித்துவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். ஓஆர்எஸ் ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பாட்டிலில் முந்தின இரவு பாதி தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் சாய்த்து வையுங்கள். காலையில் மீதியை நிரப்புங்கள். முழுக்க நிரப்பி உறையவைத்தால் பனிக்கட்டி விரிந்து பாட்டில் வெடிக்கும். இரண்டாவது பாட்டிலில் வெறும் தண்ணீர், தலையிலும் முன்கையிலும் ஊற்ற. உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கண் எரிந்தவர்கள் இதை மறப்பதில்லை.

உடைக்கு மெல்லிய, வெளிர் நிறப் பாலியஸ்டர் ஜெர்சியே மேல். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கனத்துத் தொங்கும், அக்குளை உரசிப் புண்ணாக்கும். ஆனால் வறண்ட ஊரில் நனைத்த பருத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றுவதைவிட மலிவான குளிர்சாதனம் கிடையாது. ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், காற்றுத்துளை அதிகமுள்ளதாக வாங்குங்கள்.

வெயிலில் உடம்பு சிலிர்த்தால், தலை சுற்றினால், குமட்டினால் அதோடு நிறுத்தி நிழலுக்குப் போங்கள். கூட வந்தவர் பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொள்ளுங்கள்: 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் 20 நிமிடம், பிறகு நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் கூட்டுங்கள். பழகின பிறகு முன்னைவிட அதிகமாகவும் சீக்கிரமாகவும் வியர்க்கும். அது நல்ல அறிகுறி, பாட்டில் மட்டும் கூடுதலாக வேண்டும். திரும்பியதும் ஹேண்டில்பார், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் மீது வடிந்த வியர்வையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். உப்பு பட்டு முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.