நான்கில் மூன்று என்றால் மேலே எது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கால் கிலோ ஓமப்பொடி கேட்டேன், தராசில் 0.250 என்று விழுந்தது. கூட வந்த அக்கா மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான். "இது பெருசா, 0.3 பெருசா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "இருநூற்றைம்பது எங்கே, மூணு எங்கே மாமா!"

பழி முழுக்க அவன்மேல் இல்லை. வீட்டில் நாம் 2.50-ஐ "இரண்டு ஐம்பது" என்றுதானே சொல்கிறோம்? வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டுக்கு) நூறு காசு, புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம், அதனால் அங்கே அது சரி. அதே பழக்கத்தில் 0.250-ஐ "பூஜ்யம் புள்ளி இருநூற்றைம்பது" என்று படித்தால்தான் வினை. ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்: பூஜ்யம் புள்ளி இரண்டு ஐந்து பூஜ்யம். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒன்று, அதற்கடுத்தது நூறில் ஒன்று, பிறகு ஆயிரத்தில் ஒன்று. முதல் இடத்தில் 3 இருந்தால் அது 2-ஐ வென்றுவிடும், பின்னால் எத்தனை இலக்கம் வந்தாலும் சரி. கால்குலேட்டரில் 2.5 என்று வந்ததை இரண்டு வெள்ளி ஐந்து காசு என்று எழுதுவதும் இதே கோளாறுதான், ஐந்து காசு என்றால் 2.05.

எனக்குப் பெரிய தலைவலி இன்னொன்று. 3/4-ஐ மலாயில் "தீகா பெர் எம்பாட்" என்று மேலிருந்து கீழே படிப்பார்கள். தமிழில் "நான்கில் மூன்று", கீழே உள்ளது முதலில். இரண்டையும் ஒரே நாளில் கேட்கிற பிள்ளை 4/3 என்று எழுதிவிட்டு முழிக்கும். "நான்காக வெட்டு, அதில் மூன்றை எடு" என்று சொல்லிக்கொடுத்தால் குழப்பம் வராது. "-இல்" ஒட்டிய எண் கீழே.

தொகுதி, பகுதி என்ற பெயர்களும் ஏமாற்றும். பகுதி என்றால் நாம் எடுத்த பங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, முழுசை எத்தனை சம பங்காகப் பிரித்தோம் என்பதுதான் பகுதி, அது கீழே. எடுத்தது தொகுதி, மேலே. (தொகுதி என்றதும் தேர்தல் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.) தகாப் பின்னம் (தொகுதி பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பது) என்பதும் தப்பான பின்னம் இல்லை, 5/4 சரியான எண்தான், முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்புப் பின்னமாக எழுதினால் ஒன்றேகால்.

அந்த "ஒன்றேகால்" எவ்வளவு வசதியான சொல் பாருங்கள். நடுவில் வரும் ஏகாரமே கூட்டல் வேலையைச் செய்கிறது. முக்கால் என்றால் மூன்று கால், மலாயில் "தீகா சுக்கு" என்பதும் அதேதான். அரைக்கால் காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று, 0.125. காலும் அரைக்காலும் சேர்ந்தால் காலே அரைக்கால், 3/8. பாட்டிமார் வாயில் சாதாரணமாக வந்த கணக்கு இது.

அப்புறம், 1/4 என்பதை 1.4 என்றும், 1/3-ஐ 0.3 என்றும் எழுதுவது. கோடு வேறு, புள்ளி வேறு. 0.3-ஐ மூன்று முறை கூட்டினால் 0.9தான் வரும், ஒன்று வராது. இதை அக்கா மகனிடம் சொன்னேன். மீதி 0.1 யாருக்கு என்று கேட்டுக்கொண்டே ஓமப்பொடிப் பையைப் பிரித்தான்.