பெயர் நீக்கப்பட்ட பிள்ளைகளைத் தொலைக்காதீர்கள்: ஆசிரியர் பயிற்சி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், ஆய்வுக்குப் புதிதாக வந்த இருவர் தங்கள் திட்ட வரைவைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். கேள்வி அருமையான கேள்வி. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 50 லட்சம் பிள்ளைகள் வீட்டில் வேறு மொழி பேசிவிட்டு, பள்ளியில் ஆங்கிலமும் கற்று, அந்த ஆங்கிலத்திலேயே அறிவியலும் கற்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர்களுக்குத் தனிப்பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளுக்கு அறிவியல் கூடுதலாக வருமா? ஆறாம் பக்கம் வந்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பல வருடங்களுக்கு முன் கலிபோர்னியாவில் நாங்கள் செய்த அதே பிழை அங்கே இருந்தது.

பயிற்சி பெறாத ஆசிரியர்களின் ஒப்பீட்டுக் குழு வேண்டும், யார் எந்தக் குழு என்று குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வருடக் கடைசியில் பட்டியல் எடுப்பது

இந்தப் பிள்ளைகளைப் பள்ளிகளில் 'ஈ.எல்.' என்பார்கள், அதாவது 'இங்கிலீஷ் லேர்னர்', ஆங்கிலம் கற்பவர். சேர்க்கையின்போது வீட்டு மொழி என்ன என்று ஒரு படிவம் கேட்கும். அதில் 'தமிழ்' என்று எழுதிய நம் குடும்பங்களுக்கு அடுத்து நடப்பது தெரிந்திருக்கும். பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் பெயர் பட்டியலில் ஏறும். அப்புறம் வருடாவருடம் தேர்வு. கலிபோர்னியாவில் அந்தப் பெயரை நீக்க நான்கு விஷயம் பார்க்கிறார்கள்: எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 4-ஆம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அடிப்படைப் பாடத்திறன். ஆக, யார் முன்னேறுகிறார்களோ அவர்கள்தான் பட்டியலைவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? வருடம் முடிந்ததும், 'ஈ.எல். மாணவர்களின் அறிவியல் மதிப்பெண் வேண்டும்' என்று பள்ளி மாவட்டத்திடம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கேட்டோம். கோப்பு வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகள் ஒப்பீட்டு வகுப்புகளைவிடப் பின்தங்கியிருந்தன. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பயிற்சி சரியில்லை என்ற முடிவுக்கே வந்து, அதை நடத்தியவர்களிடம் போய்ச் சொல்லியும் விட்டோம். அப்போது ஒரு கூட்டத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டார்: "என் வகுப்பில் நன்றாகத் தேறிய அந்த மூன்று பேர் உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்?"

எங்கேயும் இல்லை. மார்ச்சில் அவர்கள் பெயர் நீக்கப்பட்டிருந்தது.

சின்னக் கணக்காகப் பாருங்கள். இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றிலும் 10 ஈ.எல். பிள்ளைகள். பயிற்சி பெற்றவர் வகுப்பில் 3 பேர் 80 மதிப்பெண் எடுத்துப் பட்டியலைவிட்டுப் போகிறார்கள். மீதி 7 பேரின் சராசரி 50. மற்ற வகுப்பில் ஒருவர் மட்டும் 80 எடுத்துப் போகிறார்; மீதி 9 பேரின் சராசரி 52. பத்துப் பேரையும் சேர்த்தால் பயிற்சி வகுப்பு 59, மற்றது 54.8. பட்டியலில் மிஞ்சியவர்களை மட்டும் எடுத்தால் 50-க்கு 52. நன்றாக நடந்த பயிற்சி தோற்றதாகத் தெரியும்.

இது தற்செயலாக நடப்பதும் இல்லை. இந்த வகைப் பயிற்சியின் நோக்கமே அறிவியலையும் மொழியையும் சேர்த்து வளர்ப்பதுதான். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் வியர்க்கிறது என்று பிள்ளைகள் பேசி, வாதாடி, எழுதிப் பார்ப்பார்கள். அதில் ஆங்கிலமும் வளரும். போதாததற்குப் பெயர் நீக்கத்துக்கு மதிப்பீடு எழுதுபவர்களில் நாம் பயிற்சி கொடுத்த அதே ஆசிரியரும் இருப்பார். பயிற்சியே ஆட்களை வெளியே அனுப்புகிறது. இன்னொரு பக்கம், குவாத்தமாலாவிலிருந்தோ ஹோண்டுராசிலிருந்தோ ஜனவரியில் வந்து சேர்ந்த பிள்ளை வருடக் கடைசிப் பட்டியலில் இருக்கும். நாம் அளக்க நினைத்த பாடத்தில் பாதியைக்கூட அது கேட்டிருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். குலுக்கல் போடும் நாளில் யார் யார் ஈ.எல். என்ற பட்டியலை எடுத்துப் பூட்டி வையுங்கள். பெயர் நீங்கினாலும், வகுப்பு மாறினாலும், முதலில் எந்தக் குழுவில் இருந்தார்களோ அந்தக் குழுவிலேயே கடைசிவரை எண்ணுங்கள். பெயர் நீக்கிய தேதியைத் தனியே கேட்டு வாங்குங்கள். அதுவும் ஒரு பலன்தான், தனி அட்டவணையில் போடலாம். மாவட்டத்தோடு தரவு ஒப்பந்தம் போடும்போதே 'பெயர் நீங்கியவர்கள் உட்பட' என்று எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் எழுதவில்லை. திரும்பப் போய் அனுமதி கேட்டு, புதுக் கோப்பு வாங்கி, கணக்கைத் திருத்துவதற்குள் அந்த மாவட்டம் பயிற்சிக்கான பணத்தை நிறுத்திவிட்டது. திருத்திய அறிக்கையைப் படிக்க அங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. அந்த ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

மாநிலங்கள் வெளியிடும் அட்டவணையிலிருந்து ஈ.எல். சராசரியை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2015-இன் கூட்டாட்சிக் கல்விச் சட்டம், பெயர் நீங்கியவர்களை 4 வருடம் வரை ஈ.எல். கணக்கில் சேர்த்துக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. அந்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

பிள்ளைகளை எண்ணிவிட்டு ஆசிரியர்களை மறப்பது

'ஆயிரம் மாணவர்கள் இருக்கிறார்கள், போதும்' என்று வரைவில் எழுதியிருந்தது. போதாது. குலுக்கலில் பிரிந்தவர்கள் 40 ஆசிரியர்கள். ஒரே வகுப்பில் உட்காரும் 25 பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் இருப்பதாக வைத்தால், 1000 பேரும், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத ஏறக்குறைய 172 பேருக்குத்தான் சமம். கூடுதல் பிள்ளைகளைச் சேர்த்துப் பெரிய பயன் இல்லை. ஆசிரியர்களைச் சேருங்கள்.

அறிவியல் தேர்வு என்று ஆங்கிலத் தேர்வு வைப்பது

ஈ.எல். பிள்ளைகளில் பெரும்பான்மையோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். நீண்ட அறிவியல் சொற்கள்தான் அவர்களுக்குக் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம். 'எவாபரேஷன்' (ஆவியாதல்) அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். தடுக்குவது 'படில்' மாதிரியான சொல். தரையில் தேங்கிய மழைத்தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாவது முழுக்கத் தெரிந்த பிள்ளை, எது ஆவியாகிறது என்று புரியாமல் கேள்வியை விட்டுவிடும். நாங்கள் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு படம் போட்டோம். அதற்கப்புறம் பல பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். தேர்வைத் தயாரிக்கும்போது நாலைந்து பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கேள்வி என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

முந்தைய வருட மாநிலத் தேர்வை நம்பியிருப்பது

கலிபோர்னியாவில் மாநில அறிவியல் தேர்வு 5-ஆம் வகுப்பில், 8-ஆம் வகுப்பில், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை. 4-ஆம் வகுப்பில் கிடையாது. பயிற்சிக்கு முன் பிள்ளைகள் அறிவியலில் எங்கே இருந்தார்கள் என்று காட்டும் முன்தேர்வை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

முதல் வருடத்திலேயே தீர்ப்பு எழுதுவது

முதல் வருடம் ஆசிரியரே கற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டாம் வருடத்துக்கும் பணம் கேளுங்கள்.

ஒப்பீட்டுக் குழு சும்மா இருக்கிறது என்று நினைப்பது

சும்மா இருக்காது. 2013-இல் கலிபோர்னியா புதிய அறிவியல் பாடத்தரங்களை ஏற்றதிலிருந்து, அந்த ஆசிரியர்களுக்கும் மாவட்டம் ஏதாவது ஒரு பட்டறை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. செப்டம்பரில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை அவர்களிடம் போய், இந்த வருடம் என்ன பயிற்சி, எத்தனை மணிநேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.