பழைய வன்தட்டைப் புதிய கணினியில் பொருத்துவது

திருகோணமலையில் டைக் வீதிப் பக்கம் வீடு என்றால், பழைய வன்தட்டைக் கையில் எடுத்ததும் இணைப்பு முனைகளைப் பாருங்கள். கடற்காற்றின் உப்பால் அவை மங்கியிருக்கலாம், பச்சை பிடித்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள்.

கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சாட்டா (தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் ஒரு முறை) வகைத் தட்டுக்கு இரண்டு வடங்கள்: 7 முனை கொண்ட ஒடுங்கியது தாய்ப்பலகைக்கு, 15 முனை கொண்ட அகன்றது மின்வழங்கிக்கு. திருகாணிகளை இறுக்குங்கள், சுழலும் தட்டுக்கு அதிர்வு ஆகாது.

‘ஃபார்மட் செய்யவா?’, அதாவது உள்ளிருப்பதை அழித்துத் தட்டைப் புதிதாக அமைக்கவா என்று விண்டோஸ் கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். அந்தத் தட்டுக்குள் அக்காவின் கலியாணப் படங்களோ, காலமான அப்பம்மாவின் குரலோ இருக்கலாம். யாருக்குச் செய்து கொடுத்தாலும் நான் முதலில் கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்து, உரியவரிடம் காட்டிவிட்டுத்தான் மேலே தொடுவேன். அடுத்தது, தட்டு தன் நலம் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கை. பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (தரவு சேமிக்கும் சிறு துண்டுகள்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலோ, ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ அந்தத் தட்டை நம்பவே கூடாது.

நலமாக இருந்தால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் பழைய பிரிவுகளை நீக்கி, ஜிபிடி (தட்டின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் புதிய முறை) முறைக்கு மாற்றி ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியிலேயே (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) இருக்கட்டும். படம், பாட்டு, இரண்டாவது பிரதிகளுக்கு இந்தப் பழைய தட்டு தாராளம். ஆனால் வேறெங்கும் பிரதி இல்லாத எதையும் இதில் வைக்காதீர்கள்.