ஃபுட்பால் ஸ்டாப்பராக வெளிநாடு போக நினைக்கும் தம்பிக்கு

சென்னை வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் நின்றால் வாரத்துக்கு ஒரு பையனாவது வந்து கேட்கிறான்: "அண்ணா, மாலத்தீவுல எப்டிணா சேந்த? எனக்கும் சொல்லேன்." இரண்டு சீசன் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவனாக ஆடினேன். நம்ம ஏரியாவில் ஸ்டாப்பர் என்போம். நின்றபடியே சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆட்டம். வியாசர்பாடியில் நாம் வளர்வது செவன்ஸில், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில். சின்ன கிரவுண்டு. ஃபார்வர்டு திரும்பும்போதே காலை விட்டுப் பந்தைப் பிடுங்கினால் கைதட்டுவார்கள், தவறினாலும் பின்னால் இன்னொருத்தன் இருப்பான். 105 மீட்டர் நீளமுள்ள முழு கிரவுண்டில் உன் முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலியாகக் கிடக்கும். அங்கே ஒரு தடவை காலை விட்டுத் தவறினால் எதிராளி நேரே கோல்கீப்பர் முன்னால்தான் நிற்பான். காலை விடாதே. உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கை தூரம் விட்டு, அவனை லைன் பக்கமாகத் தள்ளிக்கொண்டே பின்வாங்கு. அவன் பந்தை ஒரு தட்டு நீளமாகத் தட்டும்வரை பொறு. இந்தப் பொறுமை எனக்கு வர இரண்டு வருஷம் பிடித்தது, அதுவும் சென்னை லீகில் பதினோரு பேர் ஆட்டம் ஆடிய பிறகுதான். எந்த டிவிஷனாக இருந்தாலும் சரி, லீகில் ஒரு டீமில் சேர்ந்துவிடு.

லீகுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே ஆடினால் உன் பெயர் இந்திய ஃபுட்பால் சங்கமான ஏஐஎஃப்எஃப் பதிவில் ஏறும். நாளைக்கு ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே வேறு நாட்டு கிளப் உன்னைப் பணம் கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 வயதிலிருந்து 23 வயதுவரை உன்னை வளர்த்த கிளப்புகளுக்குப் போகவேண்டும் என்பது உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபாவின் விதி. பதிவு இல்லையென்றால், பத்து வருஷம் விடியற்காலையில் பந்து மூட்டையைத் தூக்கி வந்த மாஸ்டருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. பயிற்சி கொடுக்கும் அண்ணன்மாரே, பசங்களைப் பன்னிரண்டு வயதிலேயே பதிவு பண்ணுங்கள்.

பத்தாவதை விட்டுவிடாதே. பத்தாவது பாஸ் இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று வரும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் என்று வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். நம் பசங்களுக்கு முதல் வாய்ப்பு இந்தப் பக்கமிருந்தும் வரலாம். அடுத்தது போலீஸ் வெரிஃபிகேஷன். கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் கோர்ட் அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் கிடைக்காது. தெருச் சண்டையில் பக்கத்தில் நின்றவன் பெயரும் சேர்ந்து எழுதப்பட்டதை நம்ம ஏரியாவில் பார்த்திருக்கிறோம். சண்டை என்று தெரிந்தால் அந்தத் தெருவைச் சுற்றிப் போ.

இப்போது புரோக்கர். எனக்குப் பதினேழு வயதில் ஒருவர் வந்தார். ஐரோப்பாவில் டிரயல், கிளப் கையெழுத்து உறுதி, இரண்டு லட்சம் ஆகும் என்றார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்பவர். வளையலையும் தோட்டையும் அடகு வைத்துப் பாதி கொடுத்தார். அதன்பின் அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. நகையை மீட்க மூன்று வருஷம் ஆனது. அன்றைக்கு ஒரே ஒரு விதி தெரிந்திருந்தால் போதும்: 18 வயது முடியாத ஆட்டக்காரனை வேறு நாட்டு கிளப் பதிவு செய்ய முடியாது. ஃபுட்பாலுக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடும்பமே அங்கே குடிபெயர்வது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நாடு மாறும்போது பழைய நாட்டின் ஃபுட்பால் சங்கம் கொடுக்கும் ஐடிசி சான்றிதழுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கென்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடு. ஏஜென்ட் என்று சொன்னால் ஃபிஃபா லைசென்ஸ் இருக்கிறதா பார். 2023 முதல் பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும், பெயர் ஃபிஃபா தளத்திலேயே இருக்கும். உண்மையான ஏஜென்டுக்கு வருமானம் ஒப்பந்தம் ஆன பிறகுதான். அம்மாவின் நகையைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கூட்டிப்போனது ஒரு வீடியோ. நல்ல டேக்கிள், ஹெட்டிங் என்று பொறுக்கி, பாட்டுப் போட்டு மூன்று நிமிடம் வெட்டி அனுப்பியதற்கு எங்கிருந்தும் பதில் இல்லை. பிறகு என் சித்தி மகன் கிரவுண்டை ஒட்டிய ஹவுசிங் போர்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு மேட்ச் முழுவதையும் செல்போனில் எடுத்தான். கீழே நின்று எடுத்தால் முதுகுகள்தான் தெரியும். மாடியிலிருந்து எடுத்தால் நாலு பேக்கும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா, யார் பிந்துகிறான் என்று எல்லாம் தெரியும். அந்த 90 நிமிடத்தை அப்படியே அனுப்பினேன். என்னைத் தேர்ந்தெடுத்த கோச் பின்னால் சொன்னார்: "63ஆவது நிமிடத்தில் பந்து வலது ஓரத்தில் இருந்தது. நீ பந்தைப் பார்த்துவிட்டு, தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஐந்து அடி நகர்ந்தாய். பந்து உன்னிடம் வரவே இல்லை, அந்த நகர்வுக்காகத்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன்." எனக்கு அந்த ஐந்து அடி ஞாபகமே இல்லை. ஃபார்வர்டுக்கு வெட்டிய வீடியோ சரிப்படும், நீ முழு மேட்சை அனுப்பு. கோல் வாங்கிய மேட்ச் என்றாலும் அனுப்பு, கோலுக்குப் பிறகு நீ எப்படி நிற்கிறாய் என்பதையும் பார்ப்பார்கள்.

போய்ச் சேர்ந்ததும் வாயைத் திற. முதல் பிராக்டிஸில் எல்லாரையும் முன்னால் நகரச் சொல்லி "ஏறு, ஏறு!" என்று தமிழில் கத்தினேன். ரைட் பேக் அசையாமல் நின்றான். ஆஃப்சைடு ஆகவேண்டியவன் உள்ளே போய் கோல் அடித்தான். அன்று ராத்திரியே ரூம் நண்பனிடம் கேட்டு ஏறு, இறங்கு, பின்னால் ஆள், அடி, விடு, என்னுடையது என்ற ஆறையும் மாலத்தீவின் திவேஹி மொழியில் கற்று, தமிழ் எழுத்தில் மணிக்கட்டு டேப்பில் எழுதிக்கொண்டேன். சாப்பாடு பெரிய கஷ்டமில்லை. நம்ம ஊர்க் கடையில் விற்கும் மாசிக்கருவாடு சூரை மீன்தான், அங்கேயும் அந்தச் சூரைதான். நோன்பு மாதத்தில் பிராக்டிஸ் ராத்திரிக்கு மாறும், தூக்கத்தை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்.

ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தப் பணத்தில் என்று முதலில் பார். மாலேயில் அந்த நாட்டுப் பணமான ரூஃபியாவை டாலராக மாற்றுவது சுலபமில்லை. வீட்டு வாடகை, விமான டிக்கெட், அடிபட்டால் ஆபரேஷன் செலவு, ஆடாத மாதச் சம்பளம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மெடிக்கல் பாஸானால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா அனுமதிப்பதில்லை. அடிபடுவது யாருக்கும் நடக்கும். இந்தியாவின் சிறந்த ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் 2021இல் குரோஷியாவின் ஷிபெனிக் கிளப்புக்குப் போனார். அடிபட்டு, ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் திரும்பினார்.

என் இரண்டாவது சீசனில் கிளப் மூன்று மாதம் சம்பளம் தரவில்லை. நான் மேனேஜரிடம் வாயால் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் அடுத்த வாரம் என்றார். நீ அப்படிச் செய்யாதே. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் இமெயிலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடு. அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்குள் ஃபிஃபாவிடம் வழக்கும் போடலாம், ஆட்டக்காரனுக்குச் செலவில்லை. இது எனக்குத் தெரியவந்தபோது அந்த இரண்டு வருஷம் கடந்திருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு முல்லை நகர் கிரவுண்டில் இருப்பேன். ஒப்பந்தம் எது வந்தாலும் கையெழுத்துப் போடும் முன்னால் எடுத்துக்கொண்டு வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறேன்.